போனது உயிரா, ஆத்துமமா, ஆவியா?

மரக்காணத்தில் பெரியம்மா இறந்த அன்று வாசலில் நின்ற அண்ணன் என்னைப் பார்த்ததும் சொன்னது: "விடியக்காலம் உசுரு போச்சு தம்பி." பிற்பகலில் வந்த பங்குச் சாமியார் அவருடைய ஆத்துமம் இளைப்பாற மன்றாடினார். இருட்டியதும் பக்கத்து வீட்டு ஆயா, உப்பளப் பக்கம் கிளம்பிய பிள்ளைகளைத் தடுத்தார். "போவாதீங்கடா, ஆவி சுத்தும்." போனது உயிர், இளைப்பாறுவது ஆத்துமம், சுற்றுவது ஆவி. செத்தது ஒரே ஆள்தான்.

லத்தீனில் இந்த மூன்றுக்கும் அனிமா என்ற ஒரு சொல் போதும். முதலில் அது காற்று, மூச்சு. காற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான அனெமோஸ் அதன் உறவு. பிறகு உயிர், பிறகு ஆன்மா, பன்மையில் இறந்தவர்களின் ஆவிகள். அனிமாவை ஊதிவிடுவது என்றால் சாவது. அனிமா உள்ளது அனிமல். பிராணன் உள்ளதைப் பிராணி என்று நாம் சொல்வதும் இதே கட்டுமானம்தான். (அனிமுஸ் என்ற ஆண்பால் இரட்டை மனம், துணிவு, கோபம் என்று வேறு பக்கம் போய்விட்டது. யுங் இரண்டையும் எடுத்துக்கொண்டு செய்தது தனிக் கதை.) அரிஸ்டாட்டில் வழியில் அக்வினாஸ் செடிக்கு, விலங்குக்கு, மனிதனுக்கு என்று அனிமாவை மூன்று வகையாகப் பிரித்தார். ஆனால் பெயரை மாற்றவில்லை. உப்பளக் கரையில் முளைக்கும் உமரிக்கும் அனிமா உண்டு.

இந்தப் படிப்போடு 1606-இல் மதுரைக்கு வந்தவர் ராபர்தோ தெ நோபிலி. அவருக்கு முன்பு, 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சான காலத்தில், சபைச் சொற்கள் பலவும் போர்த்துகீசிய ஒலியிலேயே தமிழுக்குள் வந்தன. 'இஸ்பிரீத்து சாந்து' நம் பாட்டிகள் காலம்வரை செபத்தில் இருந்தது. நோபிலி அந்த வழியை விட்டு சமஸ்கிருதத்துக்குப் போனார். 'ஆத்தும நிர்ணயம்' என்றே ஒரு நூல் எழுதினார்.

வாதம் செய்ய அது சரியான தேர்வு. எதிரில் இருந்த பண்டிதர்களின் சொல் அது. ஆனால் எங்கள் தொழிலில் ஒரு லைப்ரரியை இறக்கினால் அதன் டிபென்டென்சி எல்லாம் கூடவே வந்து உட்காரும். ஆத்துமாவோடு மறுபிறப்பும் வந்தது. அதை மறுக்க அவர் 'புனர்ஜென்ம ஆக்ஷேபம்' எழுத வேண்டியிருந்தது. உயிர் என்று சொல்லியிருந்தாலும் இது தப்பியிருக்காதுதான். சைவ சித்தாந்தம் உயிர், ஆன்மா இரண்டையும் ஒரே பொருளில் புழங்குகிறது.

என் குறை வேறு. ஆத்துமத்தில் மூச்சு கேட்பதில்லை. உமரிக்கு உயிர் உண்டு என்போம், ஆத்துமம் உண்டு என்று எந்தச் சாமியாரும் சொல்லமாட்டார். அனிமாவின் கீழ்ப்பாதி, அதாவது செடியும் ஆடும் மூச்சும், மொழிபெயர்ப்பில் நின்றுபோனது. ஆத்துமம் மனிதனுக்கு மட்டுமான, கொஞ்சம் ரத்தமில்லாத சொல்லாக ஆகிவிட்டது. அனிமாவுக்கு மிக நெருங்கிய சொல் ஆயா சொன்ன ஆவிதான் என்பேன். மூச்சு, உயிர், பேய் மூன்றும் அதில் உண்டு. சளிக்கு ஆவி பிடிக்கிறோம், ஆவியில் இட்லி வேகிறது. பேய் ஒட்டியிருப்பதால் அதை ஒதுக்கியிருப்பார்கள் என்றால், பின்னால் வந்த புராட்டஸ்டண்டுகள் 'பரிசுத்த' என்று ஒரு அடைமொழி வைத்து அதே சொல்லைக் கடவுளுக்கே கொடுத்துவிட்டார்கள். இன்று கத்தோலிக்கர்களும் தூய ஆவி என்கிறோம். இறந்தவருக்கு மட்டும் ஆத்துமம்.

மூன்றாம் நாள் அண்ணனோடு பெரியம்மா வேலை செய்த பாத்திகள் பக்கம் போனேன். வரப்பில் குனிந்து தண்ணீரை விரலால் தொட்டுப் பார்த்தார். "இன்னும் ஆவியாவல தம்பி. நாளன்னிக்கு வாரலாம்."