அரும்புக்குள் அடங்காத பிள்ளைகள்

தமிழ்நாட்டுத் தொடக்கப்பள்ளிகளில் நடக்கும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் குறை சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: “ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் நிலைக்கேற்பத்தானே கற்பிக்கிறோம்?” வீட்டில் தமிழ் பேசாத பிள்ளைகளுக்கும் இதுவே போதும் என்று வாதிடுகிறார்கள். போதாது.

2022 ஜூனில் தொடங்கிய இத்திட்டம், கொரோனாவில் பள்ளியை மறந்த பிள்ளைகளைப் பாட்டு, கதை, பொம்மலாட்டம் என்று மீட்டு வந்தது. மூன்றாம் வகுப்பில் எழுத்து தெரியாத பிள்ளை இருந்தால், அதை மறைக்காமல் அங்கிருந்தே தொடங்கச் சொன்னது. பெரிய காரியம்தான்.

என் மறுப்பு, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரிக்கும் பகுப்பின் மீது. பிள்ளைக்கு எத்தனை எழுத்து தெரியும் என்று அது பார்க்கிறது. அதன் காதில் எவ்வளவு தமிழ் விழுந்திருக்கிறது என்று பார்ப்பதில்லை. கடலூர் மாவட்டத்துக் கருவேப்பிலங்குறிச்சி போன்ற ஓர் ஊர்ப் பள்ளியில், செங்கல் சூளை வேலைக்கு வந்த ஒடியாக் குடும்பத்துச் சிறுமியோ, வாக்ரிபோலி பேசும் நரிக்குறவர் வீட்டுச் சிறுவனோ சேர்ந்தால், எழுத்தறியாத தமிழ்ப் பிள்ளையோடு சேர்த்து அரும்பில்தான் உட்கார வைப்பார்கள்.

எல்லார் முன்னும் ‘குரங்கு’ என்ற சொல் இருக்கிறது. முதல் ‘கு’வுக்கு ஓர் ஒலி, கடைசிக் ‘கு’வுக்கு வேறு ஒலி. ‘தம்பி’யில் வரும் ‘பி’யும் ‘பிடி’யில் வரும் ‘பி’யும் அப்படியே. தமிழ்ப் பிள்ளைக்கு இதை யாரும் சொல்லித்தருவதில்லை. எழுத்துக் கூட்டும்போதே பழகிய சொல் நாவுக்கு வந்து ஒலியைச் சரிசெய்துவிடுகிறது. அந்தச் சொல்லையே கேட்டிராத பிள்ளைக்கு எது வந்து சரிசெய்யும்? ஒடியாவில் இப்படி வேறுபடும் ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்து உண்டு. அதனால் அந்தச் சிறுமி தடுமாறினால் அது மந்தம் அல்ல. தடுமாற்றம் தீர்ந்த பிறகோ நிலைமை இன்னும் மோசம். அவள் சரளமாக எழுத்துக் கூட்டுவாள், பொருள் தெரியாது; மதிப்பீட்டில் மொட்டுக்கு ஏறிவிடுவாள். படிக்கிறாள் என்று நாமும் நம்பிவிடுவோம்.

வழி தெரியாமல் இல்லை. ஒடிசா அரசு 2006-07 வாக்கிலேயே பழங்குடிப் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியில் தொடக்கக் கல்வியைக் கொண்டுவந்தது. நம் திருவள்ளூர்ச் சூளைகளிலும் ஒடியாப் புத்தகத்தோடு, ஒடியா தெரிந்த ஆசிரியர்களைக் கொண்டு பள்ளி நடத்தினார்கள். இதே கடலூர் மாவட்டத்தில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வாக்ரிபோலியைப் பற்றி 1970-லேயே நூல் வெளியிட்டது. அந்த அறிவு தொடக்கப்பள்ளி வாசலைத் தொடவில்லை. தாய்மொழிக்காக உயிரைக் கொடுத்த மண் இது. அடுத்த வீட்டுப் பிள்ளையின் தாய்மொழியை இங்கே ஒரு குறைபாடாக எண்ணுவதை என்னால் ஏற்க முடியாது.

சேர்க்கைப் பதிவேட்டில் வீட்டில் பேசும் மொழியைக் கேட்டு எழுதுங்கள். அந்தப் பிள்ளைகளுக்கு முதல் பருவம் முழுக்கப் பேச்சுத்தமிழ் கொடுங்கள். வீட்டுமொழியில் கதை சொல்ல அவர்கள் தாயையோ பாட்டியையோ வகுப்புக்கு அழையுங்கள். அந்தப் பருவம் முடியும்வரை அரும்பு மதிப்பீட்டிலிருந்து அவர்களுக்கு விலக்கு அளித்துப் பள்ளிக்கல்வித்துறை ஆணையிட வேண்டும்.