பாங்க் ஆஃப் மதுராவை வாங்கியவர்கள் எதை வாங்கினார்கள்?

நாட்டரசன்கோட்டை போன்ற நகரத்தார் ஊர்களுக்குத் தொழில்கள் கூடுவதும் பிரிவதும் புதிதல்ல. பர்மாவிலும் மலேயாவிலும் நடந்த வட்டிக்கடைகளில் பங்காளிகள் சேர்ந்தார்கள், பிரிந்தார்கள். கடையை நடத்திய மேலாள் மூன்றாண்டுக்கு ஒருமுறை மாறினார். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த கருமுத்து தியாகராசர் 1943இல் மதுரையில் தொடங்கியது பாங்க் ஆஃப் மதுரா. 1960களில் செட்டிநாடு மெர்க்கன்டைல் வங்கியைச் சேர்த்துக்கொண்ட அந்த வங்கியே 2001 மார்ச் 10இல் ஐசிஐசிஐ வங்கிக்குள் போனது.

வாங்கிய வங்கியில் ஊழியர் ஏறத்தாழ 1,400 பேர். வாங்கப்பட்டதில் 2,500 பேர், 263 கிளைகள். ஒரு மதுரா பங்குக்கு இரண்டு ஐசிஐசிஐ பங்கு என்று விலை பேசியாயிற்று. பிறகு ஒரே பெயர், ஒரே கணினி அமைப்பு, ஒரே வேலைமுறை. இதன் நன்மையை மறுக்க முடியாது. யார் முதலாளி என்ற இழுபறி இல்லை. எந்தக் கிளையிலும் பணம் எடுக்கும் வசதி சிற்றூர்க்காரருக்கும் கிடைத்தது. இதற்கு மாறாக, 2020 ஏப்ரலில் இந்தியன் வங்கியோடு இணைந்த அலகாபாத் வங்கிக்கு, கணினி ஒன்றாவதற்கே 2021 பிப்ரவரி ஆயிற்று. ஒரே பெயரில் இரண்டு வங்கிகள் ஓடிய மாதங்கள் அவை.

கோளாறு மனிதர் விஷயத்தில்தான். ஓர் ஊழியருக்கு எத்தனை கோடி வியாபாரம் என்ற அளவுகோலை வைத்தால், சிறுசேமிப்பும் நகைக்கடனும் பார்க்கும் கிராமக் கிளை எப்போதும் தோற்கும். 2003 ஜூலையில் முன்கூட்டிய ஓய்வுத் திட்டம் வந்தது. நாற்பது வயதும் ஏழாண்டுப் பணியும் முடித்த எவரும் போகலாம். ஏறத்தாழ 1,500 பேர் போனார்கள். எல்லோருக்கும் பொதுவான திட்டம்தான். ஆனால் 1994இல் பிறந்த ஐசிஐசிஐ வங்கியில் அந்த வயதும் அனுபவமும் மதுராவிலிருந்து வந்தவர்களில் பலரிடம் இருந்திருக்கும். யார் வீட்டில் பாகப்பிரிவினை, யாருடைய கையெழுத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று அறிந்த மூத்த எழுத்தர் எழுந்து போனால், அந்த அறிவைக் கணினி வைத்திருப்பதில்லை. கிளைகளை வாங்கியவர்கள் உண்மையில் விலை கொடுத்தது அதற்குத்தான் என்பேன்.

இதற்கு மாறான ஒன்றும் அங்கேயே நடந்தது. மதுரா வங்கியின் கிராமக் கிளைகள் வளர்த்த மகளிர் சுய உதவிக் குழுக்களை ஐசிஐசிஐ கைவிடவில்லை. குழுப் பெண்களையே புதிய குழுக்கள் அமைக்க வைத்து விரிவாக்கியது. மும்பை வங்கி மதுரையிடம் பாடம் கேட்ட ஓர் இடம் அது. அங்கே கற்றது பெருகியது; மற்ற இடங்களில் அந்தப் பொறுமை இல்லை.

கணினியை விரைந்து இணைத்தது சரி. மூத்தவர்களிடம் கற்றுக்கொள்ளும் முன்னரே ஓய்வுத் தாளை நீட்டியது அவசரம்.