பன்னிருவரும் ஒரு தொலைபேசி உரையாடலும்

ஆஸ்திரேலிய மத்திய அரசின் சட்டப்படி குற்றப்பத்திரிகையின் பேரில் நடக்கும் வழக்குகளை ஜூரிகளே விசாரிக்க வேண்டுமென்று அந்நாட்டு அரசியல் சட்டத்தின் 80ஆம் பிரிவு விதித்திருப்பதாலும், அவர்கள் ஏகமனதாகவே குற்றவாளியென முடிவு கூறவேண்டுமென்று உயர்நீதிமன்றம் 1993இல் தீர்த்திருப்பதாலும், போதைப்பொருள் இறக்குமதிக்குச் சதி செய்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவனுடைய வாழ்வு, நீதிபதியின் விளக்கவுரையைச் சட்டம் பயிலாத பன்னிருவர் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதைப் பொறுத்தே அமைகிறது. ஹெராயின் 1.5 கிலோவை எட்டினால் தண்டனை ஆயுள் சிறைவரை செல்லலாம்.

இம்முறையின் சிறப்பை முதலில் சொல்லிவிட வேண்டும். ஜூரிகள் தம் முடிவுக்குக் காரணம் கூறுவதில்லையாதலால், நீதிபதி அவர்களிடம் பேசிய சொற்களே மேல்முறையீட்டு நீதிமன்றம் உள்ளே நோக்குவதற்குள்ள சாளரம். எடுத்துக்காட்டாக, உள்ளிருப்பது போதைப்பொருளாயிருக்கும் பெரிய அபாயத்தை உணர்ந்தும் துணிந்து பெட்டியைக் கொண்டுவருபவன் இறக்குமதிக் குற்றத்தில் சிக்கலாம். சதிக் குற்றத்துக்கோ அத்துணிவு போதாது, குற்றத்தைச் செய்யும் கருத்தே வேண்டுமென்று 2010இல் உயர்நீதிமன்றம் வேறொரு வகைச் சதி வழக்கில் தெளிவுபடுத்தியது. இந்த மெல்லிய வேற்றுமை திறந்த மன்றத்தில் உரக்கச் சொல்லப்படுவதே ஒரு காப்பு.

ஆயினும் விளக்கவுரைக்காகக் கடன்வாங்கப்படும் வாக்கியங்கள் நாளடைவில் சட்டமாகவே உறைந்துவிடுகின்றன. போதைப்பொருள் இருக்கும் மெய்யான வாய்ப்பை அறிந்தவன் அதைக் கொண்டுவரக் கருதினான் என்று ஊகிக்கலாம் என்பது சாட்சியத்தை எடைபோட உதவும் ஒரு வழி மட்டுமே. இணையத்தில் அறிமுகமானவர்களை நம்பிப் பயணம் செய்ததாகக் கூறியவர்களின் வழக்குகளில், அவ்வூகம் கட்டாயமல்ல, கருத்து இருந்ததென்று ஐயத்துக்கிடமின்றித் தெளிந்தாலன்றிக் குற்றவாளி எனல் ஆகாது என்பதை ஜூரிகளிடம் எவ்வாறு சொல்லவேண்டுமென உயர்நீதிமன்றம் 2017இல் விளக்க நேர்ந்ததே அந்தக் குழப்பத்துக்குப் போதிய சான்று.

எனக்குப் பெரிதும் உறுத்துவது வேறொன்று. இருவர் பேசிய தொலைபேசிப் பதிவில், “அவன் துறைமுகத்தில் பார்த்துக்கொள்வான்” என்ற ஒரு வரி வருகிறதென்று வைத்துக்கொள்வோம். அந்த “அவன்” கூண்டில் நிற்கிறான், உரையாடலின்போதோ அவன் அங்கில்லை. அவனுடைய பங்கைக் காட்டும் வேறு நியாயமான சாட்சியம் இருக்கிறதாவென்பதை நீதிபதியே தீர்மானிக்க வேண்டுமென்று 1988இல் முடிவாயிற்று. இல்லையென்றால், சதி நடந்ததென்பதற்கு அவ்வரியைக் கொள்ளலாம், இவன் அதில் சேர்ந்தான் என்பதற்குக் கொள்ளலாகாது என்று ஜூரிகளுக்குச் சொல்லப்படுகிறது. காதில் விழுந்த சொல்லைப் பாதியாகப் பிளந்து ஒரு பாதியை மட்டும் நெஞ்சில் வைத்துக்கொள்ளுமாறு, நாள் முழுதும் கடையிலோ பள்ளியிலோ உழைத்துப் பழகிய ஒரு மனிதரிடம் கேட்பது எத்தகைய கோரிக்கை! பல வாரங்கள் சாட்சியம் கேட்டுக் களைத்த பின், நான்கைந்து எதிரிகள் ஒருங்கே நிற்கையில், ஒவ்வொருவருக்கும் தனித்தனியே இப்பிளவைச் செய்யவேண்டியுமிருக்கிறது. பயிற்சி பெற்ற வழக்கறிஞரின் மனமே தடுமாறக்கூடிய இடமிது.

விக்டோரியா மாநிலத்தின் 2015ஆம் ஆண்டு ஜூரி விளக்கவுரைச் சட்டம் எளிமையை வற்புறுத்தியதையும், கேள்விகளைப் படிப்படியாக எழுதித்தரும் வழக்கம் பரவியதையும் மனமுவந்து வரவேற்கிறேன்: உடன்பாடு இருந்ததா, இவன் அதில் சேர்ந்து அதன்படி குற்றம் நடக்கவேண்டுமெனக் கருதினானா, வேறொருவரும் அவ்வாறே கருதினாரா, எவரேனும் வெளிப்படையாக ஒரு செயல் செய்தனரா என்று தாளில் வரிசையாக நிற்கும் கேள்விகளைப் பன்னிருவரும் விரலால் தொட்டுத் தொட்டுப் பேசலாம். ஆனால் இரண்டாவது கேள்வியின்மேல் விரல் நிற்கும்போது, அந்தத் துறைமுக வரி அவர்கள் காதில் ஒலித்துக்கொண்டேயிருக்கும். அதை அங்கே கேளாதிருக்கும் வழியைத் தாள் சொல்லித்தருவதில்லை.