ஐந்தாவது அச்சம்: ‘மை ஹவுஸ்’ என்னும் கணினி விளையாட்டு பற்றிய ஒரு நோக்கு

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் நிலைக்களன்களை நான்காக வகுத்தார். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அவை. நான்கும் மனிதனுக்குப் புறத்தே நிற்பவை. இன்றைய அச்சக் கணினி விளையாட்டுக்களும் பெரும்பாலும் முதலிரண்டையே நம்பி வாழ்கின்றன. 2023 மார்ச்சில் வெளிவந்த ‘மை ஹவுஸ்’ என்னும் ஆக்கமோ இந்நான்கினுள் அடங்காத ஓர் அச்சத்தைக் காட்டுகின்றது. மனிதன் தன் சொந்த வீட்டுக்கு அஞ்சுதலே அது.

‘மை ஹவுஸ்’ தனி விளையாட்டன்று. 1994 இல் வெளிவந்த ‘டூம் 2’ என்னும் சுடும் விளையாட்டின்மீது ‘வெட்ஜ்’ என்ற புனைபெயருடைய இரசிகர் ஒருவர் கட்டி, இலவசமாகப் பகிர்ந்தது. இத்தகைய மாற்றாக்கங்களை ‘மொட்’ என வழங்குவர். பிறர் அமைத்த அரங்கில் தன் ஆட்டத்தை ஆடுதல் நமக்குப் புதிதன்று. முல்லைத்தீவுப் பகுதியின் கோவலன் கூத்தைக் காண வருவோருள் கதையை அறியாதார் இலர். அறிந்த கதையை அண்ணாவியார் எவ்வாறு ஆட்டுவிக்கின்றார் என்பதிலேயே சுவை பிறக்கின்றது. மொட்டின் சுவையும் அத்தகையதே.

ஆரம்பம் மிக எளிது. இறந்த நண்பன் விட்டுச்சென்ற வரைபடத்தைச் செப்பனிட்டு வெளியிடுவதாக ஆக்கியோர் முன்னுரைக்கின்றார். அதுவும் புனைவின் ஒரு கூறே. மாடியுடன் கூடிய சாதாரண வீடு, சில அரக்கர், சில திறவுகோல்கள். அவ்வளவே. ஆயினும் டூமின் மூலப் பொறியமைப்பில் ஓர் அறையின்மேல் மற்றோர் அறை நிற்க இயலாது. இவ்வீட்டில் மாடி கீழ்த்தளத்தின்மேல் நேரே நிற்கின்றது. விடயமறிந்த இரசிகனுக்கு முதல் ஐயம் அங்கேயே எழுகின்றது. வெளியே சென்று மீண்டும் நுழைந்தால் வீடு மாறியிருக்கின்றது. மூல விளையாட்டின் துள்ளலிசை மெல்லத் திரிகின்றது. கண்ணாடிக்கு அப்பால் இடம்வலம் மாறிய வீடொன்று இருக்கின்றது. பிறிதொருகால் அதே வீடு எரிந்து கிடக்கின்றது.

கையில் துப்பாக்கி உண்டு. அரக்கரை வீழ்த்தவும் முடிகின்றது. ஆனால் அரக்கர் வீழ்ந்தபின்னரும் அச்சம் தணிவதில்லை. வீட்டைச் சுட முடியாதன்றோ? 1994 இல் ஜஸ்டின் ஃபிஷர் ஆக்கிய ‘ஏலியன்ஸ்’ மாற்றாக்கம், முதற்கட்டத்தில் பகைவர் எவரையும் வைக்காது வெறுமையாலேயே அஞ்சவைத்தது. அவ்வுத்தி இங்கு முதிர்ந்துள்ளது. அங்கு ஆடுவோன் வரப்போகும் பகைவருக்கு அஞ்சுகின்றான். இங்கு பகைவர் போனபின் எஞ்சுவதற்கு அஞ்சுகின்றான்.

வன்னி வாசகர் தரித்து நிற்கவேண்டிய இடம் இதுவே. 2009 மே மாதத்தில் போர் முடிந்தபின், முகாம்களிலிருந்து கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் மீண்டோர் பலர் கண்டது கூரையும் கதவுநிலையும் அற்ற சுவர்களையே. படலை இருந்த இடம் தெரியாது, கிணற்றைக் கொண்டு வளவை அடையாளங்கண்டோர் உளர். கேப்பாபிலவு மக்கள் 2017 இல் போராடியதோ, கண்ணெதிரே இருந்தும் காலடி வைக்க முடியாத காணிகளுக்காக. வீடு இருக்கின்றது, ஆயினும் தன் வீடாக இல்லை. இந்நிலையை நாம் பெரிதும் துயரமாகவே பேசிவந்துள்ளோம். அதனுள் அச்சமும் உறைகின்றது என்பதை இவ்வாக்கம் உணர்த்துகின்றது.

போரைக் கண்ட மண்ணின் பிள்ளைகள் துப்பாக்கி விளையாட்டு ஆடுதல் தகுமா என்ற வினா நியாயமானதே. எனினும் துப்பாக்கியின் பயனின்மையை ஆடுவோன் கைவழியே உணரச்செய்யும் ஓர் ஆக்கத்தை அவ்வினாவால் ஒதுக்கிவிடல் பொருந்தாது.

குறையும் உண்டு. வெறிச்சோடிய விமானநிலையம் முதலிய பிற்பகுதி இடங்களில் வீட்டின் அச்சம் விலகி, மறைவழி தேடும் புதிர் முந்துகின்றது. பிறர் துணையின்றி அவற்றைக் கண்டடைதல் அரிது.

டூமின் மூலநிரல் 1997 இல் பொதுவில் வெளியிடப்பட்டது. அதன் வழிவந்த கருவிகள் இன்றும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஓர் இரசிகர் அவற்றைக்கொண்டு தம் வீட்டைக் கட்டினார். படலையும் கிணறும் உடைய வீடொன்றைக் கட்டுதல் வன்னி மாணவருக்கும் எட்டாத செயலன்று.