நிறம் பார்க்கும் வழியும் மின்முனை வழியும்

உணவுப் பொருள்களின் ஆக்சிஜனேற்றத் தடுப்பு ஆற்றலை அளக்கும் முறைகளில் நம் சங்கத்தார் நன்கறிந்த இரு மரபுகளுள், ஹைட்ரஜன் அணுவை ஈந்து தனி உறுப்பை அடக்கும் திறனை அளக்கும் ஓராக் ஒருபுறமும், எலக்ட்ரானை ஈயும் திறனை அளக்கும் பிராப், போலின் முறைகள் மறுபுறமும் நிற்க, டிபிபிஹெச்சும் ஏபிடிஎஸ்ஸும் இரண்டிலும் கால் வைத்தவை. ஓராக் பற்றி நீட்டி எழுத வேண்டுவதில்லை. அதன் எண்கள் விளம்பரங்களில் படாதபாடு பட்டதால் அமெரிக்க வேளாண் துறையே தன் பட்டியலை 2012இல் விலக்கிக்கொண்டது. 1958இல் பிளாய்ஸ் அறிமுகப்படுத்திய டிபிபிஹெச்சோ, ஊதாக் கரைசல் மஞ்சளாக வெளிறுவதை 517 நானோமீட்டரில் படித்தாலே போதும் என்பதால், கல்லூரி ஆய்வகங்களில் பெருவழக்காயிற்று.

காரைக்குடி வழி வேறு. வள்ளல் அழகப்பர் நிலமும் நிதியும் வழங்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறப்பு விழாக் கண்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரியின் நிழலில் வளர்ந்தோர்க்கு, நிறத்தைவிட மின்முனையின் சொல்லே பெரிது. சுழற்சி வோல்ட்டாமெட்ரியில் மின்னழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்தும்போது, மின்னோட்டம் உச்சம் தொடும் அழுத்தம் ஒரு பொருள் எவ்வளவு எளிதில் எலக்ட்ரானை விடுகிறது என்பதையும், அந்த அலையின் பரப்பு அப்பொருள் எவ்வளவு உள்ளது என்பதையும் தனித்தனியே காட்டும். நிறம் பார்க்கும் முறைகள் இவ்விரண்டையும் ஒரே எண்ணில் குழப்பிவிடுகின்றன.

செட்டிநாட்டுக் கவுனி அரிசியே இதற்குச் சான்று. அமிலம் சேர்த்த மெத்தனாலில் அதன் சாறு சிவக்கக் காரணமான ஆந்தோசயனின் நிறமி, டிபிபிஹெச் அளக்கப்படும் 517 நானோமீட்டரை ஒட்டியே ஒளியை உட்கவர்வதால், சாற்றின் சொந்த நிறத்துக்கெனத் தனி பிளாங்க் வைத்துக் கழிக்காவிடில், ஊதா முழுதும் வெளிறாதது போலத் தோன்றி அரிசியின் ஆற்றல் குறைத்து மதிப்பிடப்படும். மின்முனைக்கு இந்த நிறத்தொல்லை இல்லை. ஆனால் பாலிபீனால்கள் ஆக்சிஜனேற்றமடைந்து அதன் மேல் படலமாக ஒட்டிக்கொள்வதால், ஒவ்வொரு அளவீட்டுக்கு முன்பும் கண்ணாடிக் கரி மின்முனையை அலுமினாப் பொடியிட்டுத் தேய்த்தாக வேண்டும். இச்சங்கத்தின் மூத்த ஆசிரியர் ஒருவர், தேய்த்த முகத்தில் விளக்கொளி கலையாமல் தெரியும்வரை மாணவரைக் கருவியின் அருகே விடமாட்டார்.

யாரையும் சுட்டுவது இங்கு நோக்கமன்று. எனினும் இன்று வரும் கட்டுரைகள் சிலவற்றில் பிளாங்க் பற்றிய பேச்சே இருப்பதில்லை. நீரில் கரையும் வைட்டமின் ஈ போன்ற டிராலாக்ஸுக்கு ஈடாகச் சொல்லாமல் வெறும் விழுக்காட்டோடு நின்றுவிடுகின்றன. வைட்டமின் சியும் சேர்த்துக் காட்டும் போலின் எண்ணைப் பாலிபீனால் என்றே எழுதிவிடுகின்றன. பிளாங்க்கை விட்டவர் குடுவையைக் கழுவினாரா, குடுவையைக் கழுவாதவர் தராசைச் சரிபார்த்தாரா, தராசையே பாராதவர் தரும் முனைவர் பட்டத்துக்கு என்ன எடை என்றெல்லாம் கேட்கத் தோன்றுவது மூத்தோர்க்கு இயல்பே. அலுமினாப் பொடியைக் கையால் தொடாமலே மின்வேதியியலர் எனப் பெயர் போட்டுக்கொள்ளும் காலமும் வந்துவிட்ட நிலையில், அம்மூத்தோர் மேசையருகே நின்று கற்பிக்கும் உடல்நலத்தோடு இருக்கும்போதே, மின்முனைத் தேய்ப்புக்கென்று மட்டும் இருநாள் பயிலரங்கு ஒன்றைச் சங்கம் நடத்துவது நன்று. அதற்குச் சான்றிதழ் வேண்டா.