மயிலும் பாம்பும் எட்டாம் வகுப்பும்

நாவல் வெளிவந்தால் மதிப்புரை எழுதுகிறார்கள். முந்நூறு பேர் வாங்குகிற கவிதைத் தொகுதிக்குக்கூட எங்காவது நாலு வரி கிடைக்கிறது. லட்சக்கணக்கான குழந்தைகள் வேறு வழியில்லாமல் படிக்கிற கணக்குப் புத்தகத்துக்கு மட்டும் மதிப்புரை கிடையாது. அது புத்தகமல்ல, கஷாயம் என்று எல்லோரும் தீர்மானித்துவிட்டார்கள் போலிருக்கிறது. கஷாயத்தில் ருசி பார்ப்பவர் யார்?

எனக்கு ருசி பார்க்க ஆசை. அதற்குக் காரணம் உண்டு. நான் படித்த காலத்தில் ஏழாவது எட்டாவது வகுப்பு வரையில் கணக்கு என்றால் கடைக் கணக்காகத்தான் இருந்தது. அரிசி, எண்ணெய், வட்டி, தொட்டியில் தண்ணீர். பிறகு ஒரு நாள் விலையில்லாத ஒரு முக்கோணம் வந்து நின்றது. அதன் பின்னாலேயே யாரென்று தெரியாத ஓர் 'எக்ஸ்' வந்தது. க்ஷேத்திர கணிதம், அல்ஜீப்ரா என்ற இந்த இரண்டும் வந்த ஆறு மாதத்துக்குள், 'இவனுக்குக் கணக்கு வராது' என்று வீட்டில் பேச்சு அடிபட ஆரம்பித்துவிடுகிறது. பெண்ணாக இருந்தால் ஆறு மாதம்கூட வேண்டாம். தீர்ப்பு முன்கூட்டியே தயாராக இருக்கும். பதின்மூன்று வயதில் எழுதப்பட்ட அந்தத் தீர்ப்பு, எந்தப் படிப்பு, எந்த உத்தியோகம் என்று ஆயுள் முழுவதும் கூடவே வருகிறது. ஆகவே குற்றம் பிள்ளையிடமா, புத்தகத்திடமா என்று விசாரிப்பது நியாயம்.

க்ஷேத்திர கணிதத்துக்கு மூலநூல் யூக்ளிட் எழுதியது. சுமார் கி.மு. 300-ல், அலெக்ஸாண்ட்ரியாவில். 13 பாகங்கள். முதல் பாகத்தில், வரைவதும் நிரூபிப்பதுமாக 48 உருப்படிகள் இருக்கின்றன. கதை கட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: கட்டுக்கோப்பில் அதற்கு நிகரான புத்தகங்கள் வெகு சில. ஒரு கோட்டின் மேல் சமபக்க முக்கோணம் போடுவதில் ஆரம்பிக்கிறார். நிரூபித்ததை வைத்து அடுத்ததை நிரூபிக்கிறார். நாற்பத்தேழாவதில், செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தின் மேல் வரைந்த சதுரம் மற்ற இரு பக்கங்களின் மேல் வரைந்த சதுரங்களுக்குச் சமம் என்று கொண்டுவந்து நிறுத்துகிறார். வீண் பாத்திரம் ஒன்று இல்லை.

பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலத் தத்துவவாதி ஹாப்ஸ், நாற்பது வயதுவரை இந்தப் புத்தகத்தைப் பார்த்ததே இல்லையாம். யாரோ ஒரு கனவானின் வீட்டில் நாற்பத்தேழாவது தேற்றம் திறந்து கிடந்தது. வாசித்துவிட்டு, நடக்காத காரியம் என்று சத்தியம் செய்தாராம். நிரூபணத்தைப் பார்த்தார், அது முந்திய ஒரு தேற்றத்தைக் காட்டியது. அங்கே போனார், அது அதற்கும் முந்தியதைக் காட்டியது. இப்படியே பின்னோக்கிப் போய், கடைசியில் ஒப்புக்கொண்டார். ஜான் ஆப்ரி எழுதிவைத்த கதை இது. துப்பறியும் நாவலைக் கடைசி அத்தியாயத்திலிருந்து வாசித்தவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்! நான் கவனிப்பது அவருடைய முதல் வார்த்தையைத்தான். 'நம்பமாட்டேன்' என்றார். அப்படிச் சொல்லும் வாசகனை வரவேற்கிற புத்தகம் அது. பெரியவர் சொன்னார் என்பதற்காக அங்கே எதையும் ஏற்க வேண்டியதில்லை.

நம்முடைய வகுப்பறையில் அந்தப் புத்தகத்துக்கு என்ன கதி நேர்ந்தது? நான் படித்த பள்ளிக்கூடத்தில் தேற்றங்களுக்கு நம்பர் உண்டு. நம்பரைச் சொன்னால் நிரூபணம் கடகடவென்று வர வேண்டும். ஒரு பரீட்சையில் ஏபிசி முக்கோணத்துக்குப் பதிலாகப் பிகியூஆர் முக்கோணம் என்று கேட்டுவிட்டார்கள். பாதி வகுப்பு அந்தக் கேள்வியைத் தொடவில்லை. இது பாடத்தில் இல்லை என்று புகார்கூடச் சொன்னார்கள். ஏன் ஸார் என்று கேட்ட பையனுக்கு, "ஏன் என்று கேட்காதே, மார்க்கு வருகிற வழியைப் பார்" என்று பதில் கிடைத்தது. 'ஏன்' என்ற ஒரு கேள்விக்காகவே பிறந்த சாஸ்திரத்தில் அதைக் கேட்கக் கூடாதென்றால், அப்புறம் என்ன மிச்சம்?

யூக்ளிடிடமே கேட்கலாமே! முதல் உருப்படியில் இரண்டு வட்டங்கள் போட்டு, அவை வெட்டிக்கொள்ளும் இடத்தை முக்கோணத்தின் உச்சியாக எடுத்துக்கொள்கிறார். வெட்டிக்கொள்ளும் என்பதற்கு நிரூபணம் எங்கே? கிடையாது. படத்தைப் பார்த்துத் தலையாட்டிவிடுகிறோம். இப்படிப்பட்ட ஓட்டைகளை அடைத்து ஹில்பர்ட் என்ற ஜெர்மானியர் புதிய அஸ்திவாரம் போட்டது 1899-ல்தான். அந்த வட்டங்கள் ஏன் வெட்ட வேண்டும் என்று ஒரு பெண் எட்டாம் வகுப்பில் கேட்டால், அவளுக்குக் கணக்கு வராது என்று சொல்வோமா? சொல்லியிருக்கிறோம் என்றே எனக்குச் சந்தேகம்.

அல்ஜீப்ராவின் சுபாவம் வேறு. தெரியாத ஆளுக்கு ஒரு பெயர் வைத்து, தெரிந்தவர்போல் நடத்தி, கடைசியில் அவர் வாயாலேயே உண்மையை வரவழைப்பது அதன் தந்திரம். நாவலாசிரியனும் இதைத்தான் செய்கிறான். அதனால் எனக்கு எக்ஸிடம் ஒரு பந்து உணர்ச்சி உண்டு. பாடப் புத்தகம் அந்த எக்ஸைப் பத்துப் பக்கத்துக்கு வெறும் எழுத்தாகப் பெருக்கி வகுத்துக் களைத்த பிறகுதான், தகப்பன் வயது மகன் வயது என்று ஒரு கதையைக் கொடுக்கிறது. அதுவும் மரப்பொம்மைக் கதை.

பாஸ்கராசாரியார் 1150-ல் எழுதிய 'லீலாவதி'யில் கதை மரப்பொம்மையல்ல. 9 முழத் தூணின் உச்சியில் ஒரு மயில். தூணின் அடியில் ஒரு பாம்புப் புற்று. பாம்பு 27 முழத்துக்கு அப்பாலிருந்து புற்றை நோக்கி வருகிறது. மயில் சாய்வாகப் பாய்கிறது. இரண்டும் ஒரே தூரம் போய்ச் சந்திக்கின்றன. புற்றிலிருந்து எத்தனை முழத்தில்? மனிதர் அதோடு நிறுத்திக்கொள்கிறார். மிச்சத்தை நம் நெஞ்சு முடித்துக்கொள்கிறது.

இதற்குப் பாஸ்கரர் ஒரு சூத்திரமும் தருகிறார். தூணின் வர்க்கம் 81. அதை 27-ஆல் வகுத்தால் 3. அதை 27-லிருந்து கழித்தால் 24. பாதி 12. நாலே படி, முழு மார்க்கு. ஏன் என்று மட்டும் தெரியாது.

இப்போது அந்தத் தூரத்தை எக்ஸ் என்று வைப்போம். பாம்பு வந்தது 27-லிருந்து எக்ஸ் போக மிச்சம். மயில் பறந்ததும் அதே அளவு. தூண், தரை, மயிலின் பாதை மூன்றும் சேர்ந்து யூக்ளிடின் செங்கோண முக்கோணம்! ஆகவே 81-ம் எக்ஸ் வர்க்கமும் சேர்ந்தால், 729-லிருந்து 54 எக்ஸைக் கழித்து எக்ஸ் வர்க்கத்தைக் கூட்டியதற்குச் சமம். பையன்களைப் பயமுறுத்துகிற எக்ஸ் வர்க்கம் இரண்டு பக்கமும் இருப்பதால் அடிபட்டுப் போகிறது. 54 எக்ஸ் என்பது 648, எக்ஸ் 12. மயில் 15 முழம், பாம்பு 15 முழம். தனித்தனியே கசந்த இரண்டு பாடங்களும் இங்கே ஒன்றுக்கொன்று கை கொடுக்கின்றன. சூத்திரம் எங்கிருந்து வந்தது என்பதும் விளங்கிவிடுகிறது.

இரண்டு பிள்ளைகளும் விடைத்தாளில் 12 என்றுதான் எழுதுவார்கள். திருத்துகிறவருக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் ஒருவனுக்குத் தூணின் உயரத்தையும் பாம்பின் தூரத்தையும் கேட்காமல், மயில் எத்தனை முழம் பறந்தது என்று மாற்றிக் கேட்டால் போதும், நின்றுவிடுவான். மற்றவன் நடந்துகொண்டே இருப்பான். முதலாமவனைத் தேர்ச்சி என்று அனுப்பிவிட்டு, பிறகு ஒருநாள் அவன் நின்றுபோகும்போது 'கணக்கு வராது' என்று சொல்வது பெரிய அநியாயம். வராதது கணக்கல்ல. அவனிடம் யாரும் காரணத்தைக் கொண்டுவந்து காட்டவில்லை, அவ்வளவுதான்.

என் மதிப்புரை இதுதான். யூக்ளிடுக்குக் கதை இருக்கிறது, சதையில்லை. பாஸ்கரருக்கு மயிலும் பாம்பும் இருக்கின்றன. காரணத்தை உரைக்காரர்களுக்கு விட்டுவிட்டார். இரண்டையும் சேர்த்து ஒரு பாடப் புத்தகம் எழுதுகிறவருக்கு அகாதமிப் பரிசு கொடுக்கலாம். என் வோட்டு அவருக்கே.