ஆங்கில வினையும் காலமும்: போதனைமுறை பற்றிய ஒரு நோக்கு

இடமாற்றம் வேண்டிய இளம் ஆசிரியர் ஒருவர் தம் ஆங்கில மனுவிலே, கிராமப் பாடசாலையொன்றில் ஆறு ஆண்டு படிப்பித்து வருவதைக் கூறப் புகுந்து, ‘ஐ டோட் இன் எ வில்லேஜ் ஸ்கூல் ஃபோர் சிக்ஸ் இயர்ஸ்’ என்று எழுதினார். சில நாளில் மனு திரும்பி வந்தது. ‘தாங்கள் இப்பொழுது எங்கே கடமையாற்றுகின்றீர்?’ என்பது அதனோடு வந்த வினா. அவரோ அப்பாடசாலையை விட்டு ஒருநாளும் நீங்கியவரல்லர். ‘ஹாவ் டோட்’ என்று எழுதியிருக்க வேண்டும் என நான் கூறியபோது, ‘ஆறு ஆண்டும் கழிந்துபோயினவன்றோ? கழிந்தது இறந்தகாலந்தானே?’ என்று அவர் கேட்டார்.

அக்கேள்வியைப் பேதைமையென்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அவர் கற்ற இலக்கணத்தின் வழி நின்று நோக்கின் அவர் எழுதியதே முறை. ஆதலின் குற்றத்தைக் கற்றவரிடத்தன்றிக் கற்பிக்கும் முறையிலே தேடுதல் தகும்.

நம் வகுப்பறைகளில் ஆங்கில வினை ஓர் அட்டவணையாக அறிமுகமாகின்றது. இறப்பு, நிகழ்வு, எதிர்வு என மூன்று வரி, ஒவ்வொரு வரியிலும் நான்கு கட்டம், ஆகப் பன்னிரண்டு. ஒவ்வொரு கட்டத்தின் அருகிலும் ஒரு தமிழ்ச்சொல் எழுதப்படும். ‘ஐ வென்ட்’ என்பதற்குப் ‘போனேன்’. ‘ஐ ஹாவ் கோன்’ என்பதற்குப் ‘போயிருக்கிறேன்’. மாணாக்கர் அதனை வாய்பாடு போல மனனஞ் செய்வர். பரீட்சை முடிந்ததும் வாய்பாடு நிற்கும், வாக்கியம் நில்லாது.

இவ்விடர்ப்பாட்டிற்கு முதற்காரணம் ஒரு சொல்லிலேயே உளது. உலகில் ஓடும் காலத்தை ‘டைம்’ என்றும், வினைச்சொல் கொள்ளும் வடிவத்தை ‘டென்ஸ்’ என்றும் ஆங்கிலம் இரண்டாகப் பிரித்து வழங்கும். தமிழில் இரண்டிற்கும் ‘காலம்’ என்ற ஒரு சொல்லே உண்டு. பிரெஞ்சு மொழியின் நிலையும் அதுவே. ஒரு சொல்லாற் குறிக்கப்படும் இரண்டு பொருளும் ஒன்றேயென மயங்குதல் இயல்பு. வடிவம் இறந்தகாலமாயின் நிகழ்ச்சியும் இறந்தது என்றும், நிகழ்ச்சி இறந்ததாயின் வடிவமும் அவ்வாறே இருத்தல் வேண்டும் என்றும் மாணாக்கன் கொள்கின்றான். நம் இளம் ஆசிரியர் வழுக்கியதும் இவ்விடத்திலேதான்.

ஆங்கில வினைச்சொல் தன் உருவத்தாற் காட்டுவன இரண்டே என்பது புதிய கண்டுபிடிப்பன்று. 1653இல் ஆங்கில மொழிக்கு இலத்தீனிலே இலக்கணம் வகுத்த ஜோன் வாலிஸ் அதனைத் தெளிவாக உரைத்தார். அவர் கணிதப் பேராசிரியர். ஒன்றை ஒன்றென்றும் இரண்டை இரண்டென்றும் எண்ணுவதில் அவருக்குத் தயக்கமிருக்க நியாயமில்லை. ஆயினும் பிற்காலத்துப் பள்ளி நூல்கள் அவர் வழி செல்லவில்லை. 1795இல் வெளிவந்து இரு கண்டங்களிலும் பரவிய லிண்ட்லி மறேயின் இலக்கணம், இலத்தீன் வினைக்குரிய ஆறு காலங்களையும் ஆங்கிலத்துக்கு ஏற்றிக் கூறிற்று. தொடர்வினை வடிவங்களையும் சேர்த்தெண்ணப் பன்னிரண்டு கட்டம் அமைந்தது. இலத்தீனுக்குத் தைத்த சட்டையை ஆங்கிலத்துக்கு அணிந்து, அதற்குத் தமிழ்ப் பொத்தான் தைத்தவர்கள் நாம்.

எதிர்காலம் எனப்படுவதன் நிலையைச் சிறிது பார்ப்போம். ‘வில்’ என்பது ஆதியில் விருப்பத்தையும் ‘ஷால்’ என்பது கடப்பாட்டையும் உணர்த்திய வினைகள். இன்றும் அவற்றின் பழைய மணம் முற்றாக நீங்கியபாடில்லை. ‘த ட்ரெயின் லீவ்ஸ் டுமாறோ’ என்று நிகழ்கால வடிவத்தாலும் நாளைய செய்தியைக் கூறலாம். எதிர்வை உணர்த்தப் பல வழியுண்டு. எதிர்காலமென்றே ஒரு தனி வடிவம் ஆங்கிலத்திற்கு இல்லை என்பது டென்மார்க்கு அறிஞர் ஒட்டோ யெஸ்பெர்சன் கொண்ட முடிபு. 1924இல் வெளியான தம் இலக்கணத் தத்துவ நூலில் அவர் காலத்தையும் வடிவத்தையும் வேறுபிரித்து ஆராய்ந்தார். 1985இல் வெளிவந்த குவர்க் முதலியோரின் பேரிலக்கணமும் வடிவம் இரண்டெனவே கொண்டது. நம் பயிற்சி நூல்களிலோ பன்னிரண்டு கட்டமும் அசையாதிருக்கின்றன.

இனி அவ்வாசிரியரை இடர்ப்படுத்திய வடிவத்துக்கு வருவோம். நிகழ்கால நிறைவு என்று நாம் மொழிபெயர்த்துக்கொண்ட ‘ஹாவ் டோட்’ எந்தக் காலத்தது? ‘ஹாவ்’ என்பது நிகழ்கால வடிவம். உடைமையை உணர்த்தும் அவ்வினை, ‘எழுதப்பட்ட கடிதம் என்னிடம் உளது’ என்பது போன்ற ஒரு நிலையிலிருந்து, ‘எழுதியிருக்கிறேன்’ என்னும் பொருளுக்கு மெல்ல நகர்ந்து வந்தது என்பர் மொழிவரலாற்றாசிரியர். செயல் முன்னர் நிகழ்ந்தது. ஆயின் பேச்சு இப்பொழுதைப் பற்றியது. தமிழன் இதனை விளங்கிக்கொள்ள அயலிடஞ் செல்ல வேண்டியதில்லை. ‘எழுதியிருக்கிறேன்’ என்பதைப் பிரித்துப் பார்க்க. ‘எழுதி’ இறந்தகால வினையெச்சம். ‘இருக்கிறேன்’ நிகழ்கால வினைமுற்று. ஆங்கிலேயன் உடைமை வினையைத் துணைகொண்டான். நாம் இருத்தல் வினையைத் துணைகொண்டோம். இத்துணைப் பொருத்தமான ஒரு சான்று நாவிலேயே இருக்க, அதனைப் பகுத்துக் காட்டாது, கட்டத்துக்கருகில் முழுச்சொல்லாக ஒட்டிவிட்டு அப்பாற் செல்கின்றோம்.

எனினும் இவ்வொப்புமையை எல்லை கடந்து நம்புதலும் தீதாய் முடியும். ‘போன வருடம் கண்டிக்குப் போயிருக்கிறேன்’ என்பது நல்ல தமிழ். அதனையே ‘ஐ ஹாவ் பீன் டு கண்டி லாஸ்ட் இயர்’ என்றால் ஆங்கிலம் ஏற்காது. ஏன்? ஆசிரியர் பலர், ‘லாஸ்ட் இயர், யெஸ்டர்டே முதலியன வந்தால் ஹாவ் வராது’ என்று விதி கூறுவதோடமைவர். விதி உண்மையே. காரணம் கூறப்படாத விதி, தேர்வறையில் முதலில் மறக்கப்படுவது.

காரணத்தை அறியத் தருக்க அறிஞர் ஹான்ஸ் றைஷன்பாக் 1947இல் எழுதியது பெரிதும் உதவும். வினையின் வடிவத்தை நிர்ணயிக்க இரண்டு புள்ளி போதா, மூன்று வேண்டும் என்றார் அவர்: பேசும் நேரம், செயல் நிகழ்ந்த நேரம், பேசுவோன் மனத்தால் நின்று நோக்கும் நேரம். ‘ஐ வென்ட்’ என்பவன் செயல் நிகழ்ந்த நேரத்துக்கே மனத்தாற் சென்று நிற்கின்றான். ‘ஐ ஹாவ் கோன்’ என்பவன் இப்பொழுதில் நின்று பின்னோக்குகின்றான். ‘மணி அடித்தபோது அவன் போய்விட்டிருந்தான்’ என்புழி நோக்கும் நேரம் மணியோசையிலே நிற்க, போதல் அதற்கும் முற்பட்டது. இம்மூன்றையும் கரும்பலகையில் ஒரு கோட்டின்மேல் மூன்று புள்ளியாக இட்டுக் காட்டலாம். இப்பொழுதில் நின்று நோக்குவோன், ‘நேற்று’ என்று கூறித் தன் நிலையிடத்தை மாற்றிக்கொள்ளல் ஆங்கிலத்துக்கு ஒவ்வாது. தமிழிலோ ‘நேற்று’ என்பது ‘போய்’ என்னும் எச்சத்தைத் தழுவி நிற்க, ‘இருக்கிறேன்’ இன்றைய நிலையைக் கூறும், ஆதலின் முரணில்லை.

‘ஆறு வருடமாகப் படிப்பிக்கிறேன்’ என்பதும் இத்தகையது. நமக்கு நிகழ்காலமே போதும். ‘ஆக’ என்னும் உருபு தொடக்கத்தை உணர்த்திவிடும். அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘ஐ டீச் ஃபோர் சிக்ஸ் இயர்ஸ்’ என எழுதி அடிபட்ட மாணாக்கன், அடுத்த முறை ‘டோட்’ என்று எழுதுகின்றான். அவ்வாசிரியரும் அவ்வழி வந்தவரே போலும்.

வழக்கத்தைக் கூறுமிடத்து வேறொரு வழு நேர்கின்றது. ‘அப்பு விடியற்புறம் எழும்பித் தோட்டத்துக்குப் போவார்’ என்கின்றோம். ‘போவார்’ என்பது வடிவால் எதிர்காலம். பொருளால் நாடோறும் நிகழும் வழக்கம். மாணாக்கன் அதற்கு ‘வில் கோ’ என்று எழுதுகின்றான். ஆசிரியர் சிவப்பு மையாற் கோடிடுகின்றார். அவன் தன் மொழியின் இயல்புக்கு உண்மையாய் நடந்தான் என்பதை எவரும் அவனுக்குச் சொல்வதில்லை. சொல்லியிருந்தால், தமிழில் எதிர்கால வடிவம் ஆற்றும் இப்பணியை ஆங்கிலத்தில் நிகழ்கால வடிவம் ஆற்றுகின்றது என்பதை அவன் ஒரே நாளிற் கற்றிருப்பான்.

இதில் வியப்பென்னவெனில், வடிவமும் காலமும் பிறழும் என்பதை நம் மாணாக்கர் அறியாதவரல்லர் என்பதே. தொல்காப்பியர் வினையியலிற் காலமயக்கத்தை விதந்து கூறியுள்ளார். நன்னூலார் விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு எனக் காரணமுங் காட்டினார். சாப்பிட அழைத்த தாய்க்கு, புத்தகத்தை இன்னும் மூடாத மகன் ‘இதோ வந்துவிட்டேன்’ என்கின்றான். வராதவன் வந்தவனாகக் கூறுவது விரைவு பற்றி. ஆங்கிலத்தில் ‘இஃப் ஐ நியூ’ என்பது நேற்றைய அறிவைக் குறியாது, இன்று இல்லாத அறிவைக் குறிக்கும். அங்கும் இறந்தகால வடிவம் தன் காலத்தை விட்டு நீங்கி நிற்கின்றது. முதற் பாடவேளையிலே தமிழாசிரியர் காலமயக்கம் படிப்பிக்கின்றார். இரண்டாம் பாடவேளையிலே ஆங்கில ஆசிரியர் அதே மாணாக்கரிடம் வடிவமே காலமென்கின்றார். இருவரும் ஆசிரியர் அறையில் அருகருகே அமர்ந்து தேநீர் பருகுவர்.

இலக்கணத்தையே விடுத்து, கேட்டும் பேசியும் பழகினாற் போதும் என்பாரும் உளர். வீட்டிலும் வீதியிலும் ஆங்கிலம் ஒலிக்கும் பிள்ளைக்கு அது போதும். வாரத்திற் சில பாடவேளை மட்டும் அம்மொழியைச் செவிமடுக்கும் பிள்ளைக்கு அது போதாது.

பரீட்சைத்தாள்களைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறல் வேண்டும். தனியே நிற்கும் ஒரு வாக்கியத்தில் இடைவெளி விட்டு, அடைப்புக்குறியுள் ‘லிவ்’ என்று கொடுத்து, ‘ஃபோர் ஃபைவ் இயர்ஸ்’ என்று முடிப்பர். ‘லிவ்ட்’ என்பதும் சரி, ‘ஹாவ் லிவ்ட்’ என்பதும் சரி. எது பொருந்தும் என்பது அவ்வூரில் அவன் இன்னும் இருக்கின்றானா என்பதைப் பொறுத்தது. அதனை வினாத்தாள் சொல்வதில்லை. விடைத்தாளோ இரண்டில் ஒன்றையே ஏற்கின்றது. மற்றதை எழுதியவன் தான் ஆங்கிலம் அறியாதவன் என்ற எண்ணத்தோடு வீடு திரும்புகின்றான்.

அவ்வாசிரியரின் மனுவை இப்பொழுது என் வகுப்பிற் பயன்படுத்துகின்றேன். ஒரே கடிதத்தின் இரு படிகளைக் கரும்பலகையில் எழுதுவேன். ஒன்றில் ‘டோட்’, மற்றதில் ‘ஹாவ் டோட்’. வேறெதனையும் மாற்றுவதில்லை. பின்னர் மாணாக்கரை நோக்கி, ‘நாளைக் காலை அந்தக் கிராமப் பாடசாலைக்குச் சென்றால் இவ்விருவருள் யாரைக் காண்பீர்கள்?’ என்று கேட்பேன்.